ஊர்க் கிணறும் உலகக் கால்வாயும்

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர் கையில் ஒரு கட்டுக் காகிதத்துடன் வந்து சேர்ந்தார். ஆங்கிலப் புஸ்தகம் ஒன்றைத் தமிழாக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். முதல் அத்தியாயம் வரையில் தடங்கல் இல்லாமல் வந்தவர், இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு வார்த்தையில் இடறி விழுந்துவிட்டார். 'இண்டர்நேஷனலைஸேஷன்' என்பது அந்த வார்த்தை.

"'சர்வதேசமயமாக்குதல்' என்று போட்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் பொருந்துகிறது. அடுத்த பக்கத்தில் பொருந்த மாட்டேன் என்கிறது. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார்.

"எதைச் சர்வதேசமயமாக்குகிறார்கள்? யாருடைய பொருள் அது?" என்று கேட்டேன்.

"இதென்ன ஸார், வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் வக்கீல் மாதிரி சொத்து விசாரணை செய்கிறீர்களே!" என்றார் நண்பர்.

நான் சிரித்தேன். ஆனால் விளையாட்டாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இந்த ஒரு வார்த்தையின் விஷயத்தில், சொத்து யாருடையது என்று விசாரிக்காமல் அர்த்தம் சொல்ல முடியாது. ஏன் என்பதைச் சொல்லுமுன், என் பாட்டி சொன்ன கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

*

பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் ஒரு கோடையில் ஊரில் குளம் வற்றிப் போய்விட்டதாம். தித்திப்புத் தண்ணீர் உள்ள கிணறுகள் ஊரில் இரண்டே இரண்டு. ஒன்று மிராசுதாரின் தோப்புக்குள் இருந்தது. மற்றொன்று தெருக்கோடியில் தனியாக இருந்த ஒரு விதவைக் கிழவியின் கொல்லையில். பிள்ளையார் கோயில் வாசலில் பெரியவர்கள் கூடினார்கள். தண்ணீர் என்பது பகவான் கொடுத்தது, அது எல்லோருக்கும் பொது என்று ஒருவர் தர்ம சாஸ்திரம் பேசினார். மிராசுதாரே அதை ஆமோதித்தார். கடைசியில், கோடிவீட்டுக் கிழவியின் கிணறு இனிமேல் ஊர்ப் பொதுக் கிணறு என்றும், அதை மேற்பார்வை செய்ய மிராசுதார் உள்ளிட்ட நால்வர் கமிட்டி என்றும் தீர்மானமாயிற்று.

சேதி சொல்லப் போனவர்களிடம் கிழவி கேட்டாளாம்: "ஏண்டாப்பா, தண்ணீர் கிடையாது என்று நான் யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறேனா? வேண்டிய மட்டும் சேந்திக்கொண்டு போங்கள். ஆனால் கிணறு என்னுடையது என்கிறதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படிப் பொதுவாக்கித்தான் தீர வேண்டுமென்றால், தோப்புக் கிணற்றிலிருந்து ஆரம்பியுங்களேன்!"

அந்தக் கோடை முழுவதும் ஊர் அவள் தண்ணீரைத்தான் குடித்தது. கமிட்டி மட்டும் கூடவில்லை. இதைச் சொல்லிவிட்டுப் பாட்டி பொக்கை வாயால் சிரிப்பாள். உலக சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு விளங்கிற்று.

*

'இண்டர்நேஷனல்' என்ற சொல் அப்படியொன்றும் புராதனமானதல்ல. ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேய அறிஞர் உண்டாக்கியது. 1780-ல் அச்சாகி 1789-ல் வெளியான தம்முடைய நூல் ஒன்றில், தேசங்களுக்குள் நடக்கும் விவகாரங்களைப் பற்றிய சட்டத்துக்கு அதுவரை வழங்கிவந்த பெயர் தெளிவாக இல்லை என்று சொல்லி, இந்தப் புதுச் சொல்லைக் கொண்டுவந்தார். சொல் புதிதுதான், ஆனாலும் அர்த்தம் புரியும் என்று நம்புவதாகச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். மனிதர் விசித்திரப் பேர்வழி. 1832-ல் அவர் காலமான பிறகு, அவர் விருப்பப்படியே, எலும்புக்கூட்டுக்கு அவருடைய உடையை மாட்டி, மெழுகுத் தலை வைத்து, நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

பெந்தாம் சொன்னது என்ன? 'இண்டர்' என்றால் 'இடையே'. இரண்டு தேசங்களுக்கு இடையே, அல்லது பல தேசங்களுக்கு இடையே நடப்பது. அவ்வளவுதான். நாம் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது 'சர்வதேசம்' என்றோம். 'சர்வ' என்றால் எல்லாம். பிற்பாடு 'அனைத்துலகம்' என்றோம். அதிலும் எல்லாம் வந்துவிட்டது. 'பன்னாட்டு' என்பது கொஞ்சம் அடக்கமான சொல்; பல நாடுகள் என்பதோடு நின்றுகொள்கிறது. பத்துப் பேர் பேசி முடித்துக்கொண்டதற்கும், ஊரே சேர்ந்து ஒப்புக்கொண்டதற்கும் எவ்வளவு வித்தியாசம்! 'இடையே' என்று இருந்த இடத்தில் நாம் 'எல்லாம்' என்று எழுதியதனால், அந்த வித்தியாசம் நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. நம்மைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய வல்லரசுகளே அதை மறந்துவிட்டு, நாலு பேர் சேர்ந்தால் அதுதான் உலகம் என்று பேசி வந்திருக்கின்றன.

வார்த்தைக்கு நல்ல பக்கம் இல்லாமல் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1874-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகளின் பிரதிநிதிகள் கூடித் தபால் ஒன்றியத்தை ஏற்படுத்தினார்கள். அதற்கு முன்னால் ஒரு கடிதம் நாலு தேசங்களைத் தாண்டிப் போக வேண்டுமானால், நாலு சர்க்கார்களின் தனித்தனி ஒப்பந்தங்களுக்குள் புகுந்து புறப்பட வேண்டும். பெர்ன் ஒப்பந்தத்துக்குப் பிறகு, தபால் மட்டில் அந்த நாடுகள் எல்லாம் ஒரே பிரதேசம் என்று ஆயிற்று. அதில் ஓர் அழகான ஏற்பாடு. கடிதம் அனுப்புகிற நாடு தபால் கூலியைத் தானே வைத்துக்கொள்ளலாம். கொண்டு போய்க் கொடுக்கிற நாட்டுக்குப் பங்கு கிடையாது. கடிதம் வந்தால் பதில் போடத்தானே போகிறார்கள், அப்போது அந்த நாடு தன் கூலியை எடுத்துக்கொள்ளட்டும் என்பது அதன் தத்துவம்! மனித சுபாவம் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு. 1876-ல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. எந்தத் தேசத்தின் தபாலாபீஸையும் யாரும் பறித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டார்கள். எல்லோரும் பயன் பெற்றார்கள்.

இது ஒரு விதமான சர்வதேசமயம். இன்னொரு விதமும் உண்டு.

*

சீனாவில் ஷாங்காய் நகரத்தில் 1863-ல் பிரிட்டிஷாரின் குடியேற்றமும் அமெரிக்கரின் குடியேற்றமும் ஒன்றாக இணைந்தன. 'சர்வதேசக் குடியேற்றம்' என்பது அதன் பெயர். அதை ஆண்ட நகரசபையில் சீனர் ஒருவருக்கும் 1928 வரையில் இடம் கிடையாது. அங்கே வசித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். வரி கட்டியவர்களிலும் அவர்கள்தாம் அதிகம். ஆனாலும் அவர்கள் வரிப்பணத்தில் வளர்ந்த பூங்காக்களின் கதவுகூட அந்த 1928-ஆம் வருஷத்தில்தான் அவர்களுக்குத் திறந்தது. தெருமுனையில் தலைப்பாகையுடன் நின்று காவல் காத்தவர்களில் நம் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் பலர். ஆளுகிறவர் ஒரு தேசம், காவல்காரர் ஒரு தேசம், வரி கட்டுகிறவர் ஒரு தேசம். அந்த அர்த்தத்தில் பார்த்தால் அது சர்வதேசந்தான்! 1943-ல் அது முடிவுக்கு வந்தது.

இதைப் படித்துவிட்டுச் சீனாவுக்காக நாம் பரிதாபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க நியாயமில்லை. நம் ஊர்களில் 'பொதுக் கிணறு' என்று பெயர் சூட்டிய கிணறுகளில் சேரி மக்கள் குடத்தைத் தாழ்த்த முடியாமல் எத்தனை தலைமுறைகள் நின்றிருக்கிறார்கள்! என் பாட்டியின் கதையிலேகூட, 'ஊர் முழுவதும் குடித்தது' என்று அவள் சொன்ன ஊரில் சேரி சேர்ந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. 'பொது' என்ற வார்த்தைக்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வி எல்லா இடத்திலும் உண்டு.

வட ஆப்பிரிக்காவில், மத்தியதரைக் கடலின் வாசற்படியில் இருக்கிறது டாஞ்சியர் துறைமுகம். மொராக்கோ தேசத்து ஊர். 1923-ல் பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய மூன்றும் கையெழுத்திட்டு அதைச் சர்வதேசப் பிரதேசம் ஆக்கின. ஜிப்ரால்டருக்கு எதிர்க்கரையில் மற்றவன் உட்கார்ந்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. சுல்தானின் பிரதிநிதி என்று ஒருவர் பெயருக்கு இருந்தார். டாஞ்சியரைப் பொதுவாக்கிய பிரிட்டன், அதற்கு எதிரே தன் கையில் இருந்த ஜிப்ரால்டரைப் பொதுவாக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. தோப்புக் கிணறு தோப்புக் கிணறாகவே இருந்தது.

*

இனி ஸூயஸுக்கு வருவோம். இந்த வார்த்தையின் சரித்திரத்தில் உச்சக்கட்டம் அங்கேதான் நடந்தது.

1854-ல் எகிப்தின் அதிபர் ஸையித் பாஷாவிடம் அனுமதி பெற்று, பெர்டினாண்ட் டி லெஸப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த கம்பெனியின் முழுப் பெயரில் 'சர்வலோக' என்ற அடைமொழி உண்டு. ஆனால் கால்வாய் ஓடிய மணல் எகிப்தின் மணல். ஆரம்ப காலத்தில் மாதந்தோறும் ஏறக்குறைய இருபதாயிரம் எகிப்தியக் குடியானவர்களைக் கட்டாய வேலைக்குக் கொண்டுவந்து தோண்டவைத்தார்கள். 1869 நவம்பர் 17-ந் தேதி கால்வாய் திறந்தது. பம்பாயிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சீமைக்குப் போகிறவர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய அவசியம் ஒழிந்தது.

ஆறே வருஷங்களில், கடனில் மூழ்கிப் போன எகிப்து அதிபர் இஸ்மாயில், தம் கையில் இருந்த 1,76,602 பங்குகளை விற்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ஏறக்குறைய 40 லட்சம் பவுனுக்கு வாங்கிப் போட்டார். லாபத்தில் எகிப்துக்கு 15 சதவீதம் பாக்கி இருந்தது. 1880-ல் அதுவும் விலை போயிற்று. 1882-ல் பிரிட்டிஷ் பட்டாளம் எகிப்தில் இறங்கிற்று. வெட்டியவனுக்குக் கால்வாயில் மிச்சம் இருந்தது வேடிக்கை பார்க்கும் உரிமைதான்.

1888 அக்டோபர் 29-ந் தேதி கான்ஸ்டான்டிநோபிளில் வல்லரசுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சமாதான காலத்திலும் யுத்த காலத்திலும், எந்தக் கொடி பறக்கும் கப்பலுக்கும் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல ஒப்பந்தம். வரிக்கு வரி ஒப்புக்கொள்ளலாம். ஆனால் முதல் உலக யுத்தம் வந்தபோது, காவல் இருந்த பிரிட்டன் தன் விரோதிகளின் கப்பல்களை உள்ளே விடவில்லை. 1915-ல் துருக்கியர் தாக்க வந்தபோது அந்தக் கரையில் நின்று சண்டை போட்டவர்களில் நம் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம்.

1956 ஜூலை மாதம் 19-ந் தேதி, அஸ்வான் அணைக்குத் தருவதாகச் சொன்ன பண உதவியை அமெரிக்கா வாபஸ் வாங்கிக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, 26-ந் தேதி, அலெக்ஸாந்திரியாவில் பெருங்கூட்டத்தின் முன்னால் நாஸர் பேசினார். பேச்சின் நடுவே 'டி லெஸப்ஸ்' என்ற பெயரை அவர் உச்சரித்தால், அதுதான் கம்பெனியின் அலுவலகங்களைக் கைப்பற்றுவதற்கு அடையாளம் என்று முன்கூட்டி ஏற்பாடு. காதில் விழாமல் போய்விடப் போகிறதே என்று அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்! பேச்சு முடிவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கால்வாய் நாட்டுடைமை ஆயிற்று. பங்குதாரர்களுக்குப் பாரிஸ் மார்க்கெட்டில் இருந்த விலைப்படி நஷ்ட ஈடு தருவதாகவும் நாஸர் அறிவித்தார்.

'நாட்டுடைமை' நமக்குப் பழகிய சொல். 1949-ல் பாரதியார் பாடல்களைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதிலிருந்து நமக்கு அது தெரியும். அதே 1956 செப்டம்பர் முதல் தேதி, நாட்டுடைமையான ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன் இந்தியாவில் பிறந்தது. ஆனால் நாஸர் அந்தச் சொல்லை உச்சரித்ததும் லண்டனில் அதற்கு எதிர்ச்சொல்லைத் தேடி எடுத்தார்கள். அதுதான் நம் நண்பரை இடறவிட்ட 'சர்வதேசமயம்'.

ஆகஸ்டு 16-ந் தேதி லண்டனில் 22 நாடுகளின் மகாநாடு கூடிற்று. எகிப்து வரவில்லை. கால்வாயை நடத்தும் பொறுப்பைச் சர்வதேச போர்டு ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார் அமெரிக்காவின் டல்லஸ். பதினெட்டு நாடுகள் சரி என்றன. இந்தியா, இலங்கை, இந்தோனேஷியா, ரஷ்யா ஆகிய நான்கும் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தியாவின் சார்பில் கிருஷ்ண மேனன் வேறொரு திட்டம் வைத்தார்: கால்வாய் எகிப்தினுடையது, நடத்துவதும் எகிப்துதான், உபயோகிக்கும் நாடுகளுக்கு யோசனை சொல்ல ஒரு சபை இருக்கட்டும், 1888-ஆம் வருஷத்து வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கோடிவீட்டுக் கிழவியின் பேச்சு காதில் விழுகிறதல்லவா? 'தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், கிணறு என்னுடையது என்கிறதை விட்டுவிடுங்கள்.' தோப்புக் கிணறும் அங்கே இருந்தது. பனாமாக் கால்வாய் என்று அதற்குப் பெயர். ஸூயஸுக்குப் போர்டு கேட்ட அமெரிக்கா, தன் வசம் இருந்த பனாமாவுக்கு அதைக் கேட்கவில்லை. பனாமாக் கால்வாய் அந்த நாட்டார் கைக்கு வந்தது 1999 டிசம்பர் 31-ந் தேதி.

ஆஸ்திரேலியப் பிரதமர் மென்ஸீஸ் தலைமையில் ஐவர் கெய்ரோவுக்குப் போய்ப் போர்டுத் திட்டத்தைச் சொன்னார்கள். நாஸர் மறுத்துவிட்டார். செப்டம்பர் நடுவில், கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிநாட்டுப் பைலட்டுகளில் பெரும்பாலோர் வேலையை விட்டுக் கிளம்பினார்கள். கால்வாய் ஸ்தம்பித்துப் போகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மிச்சமிருந்த எகிப்தியப் பைலட்டுகளும், புதிதாக வந்து சேர்ந்தவர்களும் இரவு பகலாக உழைத்துக் கப்பல்களை ஓட்டினார்கள்.

அக்டோபர் 29-ந் தேதி இஸ்ரேல் படையெடுத்தது. இரண்டு நாளில் பிரிட்டனும் பிரான்ஸும் விமானத்திலிருந்து குண்டு வீசின. எந்தத் தேதி என்று பாருங்கள். எந்தக் கொடிக்கும் கால்வாய் திறந்திருக்கும் என்று கான்ஸ்டான்டிநோபிளில் கையெழுத்திட்ட அதே தேதி! டாஞ்சியரின் சர்வதேச அந்தஸ்தை ஒழித்து, அதை மொராக்கோவிடம் திரும்பக் கொடுத்த பத்திரத்தில் கையெழுத்தானதும் அதே 1956 அக்டோபர் 29-ந் தேதிதான். கதாசிரியன் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் நம்ப மாட்டார்.

எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஐக்கிய நாடுகள் சபையும் எதிர்த்ததனால் சண்டை நின்றது. பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம். ஐக்கிய நாடுகளின் சேனை வந்தது. அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஐக்கிய நாடுகளின் ஆட்களே மூழ்கிய கப்பல்களைத் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். 1957 ஏப்ரலில் கால்வாய் திறந்தது. சுத்தம் செய்தவர்கள் அதைச் சொந்தக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். 1888 ஒப்பந்தத்தை மதித்து நடப்பதாக எகிப்தும் உலகத்துக்கு எழுதிக் கொடுத்தது.

எகிப்து அந்த வாக்கை முழுவதும் காப்பாற்றியதா என்றால், இல்லை. 1948-லிருந்தே இஸ்ரேலியக் கப்பல்களுக்குத் தடை இருந்தது. பாதுகாப்புக் கவுன்ஸில் 1951-ல் சொல்லியும் கேட்கவில்லை. 1979-ல் சமாதான உடன்படிக்கை ஆன பிறகுதான் இஸ்ரேலியக் கொடியுடன் கப்பல்கள் தாராளமாகப் போயின. சொந்தக்காரன் என்பதனாலேயே ஒருவன் நியாயஸ்தன் ஆகிவிடுவதில்லை. ஆனால் சொந்தக்காரன் செய்த பிழைக்குப் பரிகாரம், அவனைத் தட்டிக் கேட்பது. அவன் வீட்டை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வதல்ல.

*

"சரி, இதெல்லாம் கால்வாய். என் புஸ்தகத்தில் கம்ப்யூட்டர் வருகிறதே?" என்றார் நண்பர்.

கம்ப்யூட்டர்காரர்கள் இந்த நீளமான வார்த்தையை எழுதிச் சலித்துப் போய், முதலில் வரும் ஐ, கடைசியில் வரும் என், நடுவில் விட்டுப்போன எழுத்துக்கள் 18 என்று சுருக்கிவிட்டார்கள். அவர்களுடைய அர்த்தமே வேறு. ஆங்கிலத்துக்காகக் கட்டிய கருவியில், உலகமே ஆங்கிலம் பேசும் என்ற எண்ணத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டு, எந்த மொழிக்காரன் வந்தாலும் குடியிருக்கும்படி இடம் விட்டு வைப்பது. இங்கே கட்டியவன் தன் வீட்டைத்தான் பொதுவாக்குகிறான். அடுத்தவன் வீட்டை அல்ல.

நம் தமிழுக்கும் அதில் ஓர் அறை கிடைத்தது. 1991-ல் வெளிவந்த யூனிகோட் என்ற ஏற்பாட்டில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். ஆனால் பாருங்கள், இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வரிசை என்று நாகரி எழுத்தின் வரிசையை வைத்துக்கொண்டார்கள். அதனால் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவில் நம்மிடம் இல்லாத எழுத்துக்களுக்காக மூன்று அறைகள் காலியாகக் கிடக்கின்றன. கடைசியில் உட்கார வேண்டிய 'ன' முன்னால் போய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. தமிழை அகர வரிசைப்படுத்தத் தனியாக விதி எழுத வேண்டியிருக்கிறது. நல்ல எண்ணத்துடன் கட்டிய பொதுச் சத்திரத்திலும், திட்டம் போடும்போது பக்கத்தில் இருந்தவனுடைய வசதிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் குறையைச் சொல்லிக்கொண்டே அந்த அறையில்தான் நாம் எல்லோரும் இப்போது எழுதுகிறோம். ஷாங்காய்ப் பூங்காவின் வாசலில் நின்றதைவிட இது எவ்வளவோ மேல்.

"அப்படியானால் நான் என்னதான் எழுதட்டும்?" என்று நண்பர் கேட்டார்.

"கம்ப்யூட்டர் வருகிற பக்கத்தில், எல்லா மொழிக்கும் இடம் விடுதல் என்று எழுதுங்கள். தபால் வருகிற பக்கத்தில், நாடுகள் கூடிப் பொது விதி செய்துகொள்ளுதல் என்று எழுதுங்கள். கால்வாய் வருகிற பக்கத்தில் சர்வதேசமயமாக்குதல் என்றே இருக்கட்டும். ஆனால் அடுத்த வரியில், யார் ஆக்கினார்கள், யாருடையதை ஆக்கினார்கள் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் ஜாக்கிரதையாக மொழிபெயருங்கள்" என்றேன்.

நண்பர் பென்ஸிலால் குறித்துக்கொண்டார். போகும்போது வாசற்படியில் நின்று, "அந்தக் கோடிவீட்டுக் கிழவியின் கிணறு பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

அடுத்த மழைக் காலத்தில் குளம் நிறைந்ததும் எல்லோரும் கிணற்றை மறந்துவிட்டார்களாம். ஒரு கோடை முழுவதும் ஊர் இழுத்துத் தேய்ந்து போன கயிற்றையும் ராட்டினத்தையும் கிழவி தன் காசைப் போட்டு மாற்றினாள் என்று பாட்டி சொன்னாள்.